வயிற்றுத் தோல் இறுக்க அறுவை சிகிச்சை: பதின்மூன்று மாதங்களுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

டம்மி டக் என்ற பெயரில் பரவலாக அறியப்படுவதும், மருத்துவர்கள் அப்டாமினோபிளாஸ்டி என்று குறிப்பிடுவதுமான வயிற்று அறுவை சிகிச்சையை நான் செய்துகொண்டு பதின்மூன்று மாதங்கள் ஆகின்றன. இதற்கு முன்பே எழுதியிருக்கலாம். ஆனால் முடிவெடுப்பதற்கு முன் நான் தேடிப் படித்த அனுபவக் குறிப்புகளில் பெரும்பாலானவை அறுவை முடிந்த இரண்டாம் வாரத்தின் வலியிலும் வீக்கத்திலும் எழுதப்பட்டிருந்தன. மற்றவை முன்னும் பின்னும் எடுத்த இரண்டு புகைப்படங்களோடு முடிந்துவிட்டன. இந்தச் சிகிச்சையின் பலனை இரண்டாம் வாரத்தில் எவராலும் மதிப்பிட முடியாது. வீக்கம் வடிந்து, தழும்பின் சிவப்பு அடங்கி, மரத்துப்போன இடங்களில் உணர்வு திரும்பி முடிய ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது என்பதால், அந்த ஓராண்டும் கழியட்டும் என்று காத்திருந்தேன். மருத்துவமனையின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. சொல்ல வேண்டிய குறைகள் சில இருக்கின்றன; அவை அந்த ஓரிடத்துக்கு மட்டும் உரியவை என்று நான் நினைக்கவில்லை, எங்கே சென்றாலும் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டியவை.

என் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த அறுவையில் ஒருவருக்குக் கிடைக்கும் பலன் அவர் எந்த நிலையில் உள்ளே சென்றார் என்பதைப் பெரிதும் சார்ந்தது. எனக்கு இரண்டு பிரசவங்கள். இரண்டாவது இரட்டைக் குழந்தைகள், சிசேரியன். அதன் பிறகு வயிற்றின் நடுவே செங்குத்தாக ஓடும் இரு தசைகளும் விலகி நின்றுவிட்டன. இந்த இடைவெளி இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் தசைவிலகல் என்று கணக்கிடுகிறார்கள்; எனக்குத் தொப்புளுக்கு மேலே ஐந்து சென்டிமீட்டர் இருந்தது. படுக்கையிலிருந்து நேராக எழும்போது வயிற்றின் நடுவில் ஒரு மேடு கூம்பாகப் புடைத்துக்கொண்டு வரும். அடிவயிற்றில் தொங்கிய தோல் மடிப்புக்குள் வியர்வை தங்கிப் புண்ணாகும், ஆறும், மீண்டும் வரும். பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் வழிகாட்டுதலில் ஒன்றரை ஆண்டு ஒழுங்காகப் பயிற்சி செய்தேன். வயிற்றுக்கு வலிமை திரும்பியது, முதுகுவலி குறைந்தது, இடைவெளியும் சற்றுக் குறுகியது, முழுமையாக மூடவில்லை. நீண்டு தளர்ந்துவிட்ட தோலோ எந்தப் பயிற்சிக்கும் சுருங்குவதில்லை. அந்த ஒன்றரை ஆண்டை நான் வீணானதாக எண்ணவில்லை. அறுவைக்குப் பின் படுக்கையிலிருந்து எழுந்து நடக்க உதவியது அப்போது சேர்த்துவைத்த கால் வலிமையும் இடுப்பு வலிமையும்தான்.

இது புதுமோகம் என்று சிலர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்கள். உண்மையில் இதன் வரலாறு நீளமானது. அமெரிக்காவின் பால்டிமோரில் ஹோவர்ட் கெல்லி என்ற மகளிர் மருத்துவர், தொங்கும் வயிற்றுச் சுவரைக் குறுக்காக வெட்டி நீக்கியதைப் பற்றி 1899ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். பிரேசிலின் ஈவோ பிட்டாங்கி, தாம் தொடர்ச்சியாகச் செய்த 300 அறுவைகளை ஆராய்ந்து 1967இல் கட்டுரை வெளியிட்டார். அதன் பிறகு வந்த பல்லாண்டுகளில் மயக்க மருந்தும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் முறைகளும், தையல் முறைகளும் பெரிதும் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் இது பெரிய அறுவை சிகிச்சை என்ற உண்மை மாறவில்லை. அழகுக்கான சிகிச்சை என்ற வகைப்பாட்டில் இது வைக்கப்படுவதால் எளிதானதாக இருக்கும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அந்த எண்ணத்தோடு எவரும் உள்ளே போய்விடக் கூடாது என்பதுதான் நான் இதை எழுதுவதற்கு முதன்மையான காரணம்.

நான் இரண்டு பிளாஸ்டிக் சர்ஜன்களைச் சந்தித்தேன். முதலாமவர் பத்து நிமிடம் பேசினார், அழகான படங்களைக் காட்டினார், தேதி எப்போது வேண்டும் என்று கேட்டார். என் வயிற்றை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாமவர் என்னைப் படுக்கவைத்து, தலையை மட்டும் தூக்கச் சொல்லி, விலகிய தசைகளின் விளிம்பை விரல்களால் தடவி அளந்தார்; நிற்கவைத்துத் தோலைப் பிடித்துப் பார்த்தார்; தொப்புளில் குடலிறக்கம் ஏதும் இருக்கிறதா என்று சோதித்தார். குடும்பத்தில் யாருக்கேனும் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்ததுண்டா, புகைப்பழக்கம் உண்டா, ஹார்மோன் மாத்திரை எடுக்கிறேனா, இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் உண்டா, கடந்த ஓராண்டில் எடை எவ்வளவு ஏறி இறங்கியது என்று அவர் கேட்டுக்கொண்டே போனபோதுதான், நான் வாங்க வந்திருக்கும் பொருள் என்ன என்பதே எனக்குப் புரியத் தொடங்கியது. இந்தச் சிகிச்சையைப் பற்றி ஒரு மருத்துவர் உங்களிடம் கேட்கும் கேள்விகளின் எண்ணிக்கை, அவர் காட்டும் படங்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

அந்த மருத்துவர் முதலில் சொன்னது, இந்த அறுவை எதையெல்லாம் செய்யாது என்பதைத்தான். இது எடை குறைப்பதற்கான சிகிச்சை அல்ல. தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள கொழுப்பை மட்டுமே நீக்க முடியும். குடலைச் சுற்றி உள்ளே படிந்திருக்கும் கொழுப்பைத் தொட முடியாது என்பதால், உட்கொழுப்பால் வயிறு முன்தள்ளியிருப்பவர்களுக்கு எதிர்பார்த்த தட்டையான தோற்றம் கிடைக்காது. பிரசவக் கோடுகளில் தொப்புளுக்குக் கீழே இருப்பவை நீக்கப்படும் தோலோடு போய்விடும். மேலே இருப்பவை கீழே இறங்கி வருமே தவிர மறையாது. ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்புவரை நீளும் தழும்பு நிரந்தரமானது. இன்னொரு கருத்தரிப்பை எண்ணியிருப்பவர்கள் அதை முடித்துவிட்டு வருவது நல்லது. அறுவைக்குப் பின் கருத்தரிப்பதில் தடையில்லை என்றாலும், இறுக்கித் தைத்த தசையும் தோலும் மீண்டும் விரிந்துவிடக்கூடும். இவ்வளவையும் கேட்ட பின்னரும் செய்துகொள்ள விரும்பினால் அடுத்த மாதம் வாருங்கள் என்று அவர் அனுப்பிவைத்தார். நான் அவரையே தேர்ந்தெடுத்ததற்கு அந்த ஒரு மாத அவகாசமும் ஒரு காரணம்.

அறுவையில் வகைகள் உண்டு என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். தொப்புளுக்குக் கீழே மட்டும் தளர்வு இருப்பவர்களுக்குச் செய்யும் சிறிய முறையில் தொப்புளை அதன் இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பெருமளவு எடை இழந்தவர்களுக்குக் குறுக்கே மட்டுமல்லாமல் செங்குத்தாகவும் வெட்ட வேண்டிவரலாம். அதில் பக்கவாட்டுத் தளர்வும் குறையும், ஆனால் நடுவயிற்றில் ஒரு தழும்பு கூடுதலாக நிற்கும். தசையை இறுக்காமல் தொங்கும் தோலை மட்டும் நீக்குவது வேறொரு அறுவை. பெயர் ஒன்றுபோலத் தோன்றினாலும் நோக்கமும் பலனும் வேறு. எனக்குச் செய்தது முழு அறுவை: தோல் நீக்கம், தசை இறுக்கம், தொப்புளுக்குத் தோலில் புதிய துளை, இடுப்பின் இரு பக்கங்களிலும் சிறிதளவு லைப்போசக்ஷன், அதாவது கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுப்பது.

தயாரிப்புக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. புகைபிடிப்பவர்கள் அறுவைக்கு முன்பும் பின்பும் குறைந்தது நான்கு வாரங்களாவது முற்றிலும் நிறுத்தியாக வேண்டும் என்பதில் மருத்துவர் எந்த விட்டுக்கொடுப்பும் காட்டவில்லை. நிக்கோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். இந்த அறுவையில் வயிற்றுத் தோலை அடியிலுள்ள தசையிலிருந்து விலா எலும்புகள்வரை பிரித்தெடுத்துக் கீழே இழுத்துத் தைப்பதால், அந்தத் தோலின் கீழ் விளிம்புக்கு ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைவு. அதற்கு மேலும் குறைந்தால் தோல் கறுத்து இறந்துபோகும், தையல் பிரியும். நிக்கோட்டின் பட்டைகளும் மெல்லும் கோந்துகளும்கூட இதே தீங்கைச் செய்யக்கூடியவை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. என்னோடு காத்திருப்பு அறையில் இருந்த ஒருவரின் அறுவையை இந்தக் காரணத்துக்காகவே தள்ளிவைத்தார்கள் என்று அவரே சொன்னார், அப்போது எனக்கு அந்த மருத்துவமனையின்மீது மதிப்புக் கூடியது. மற்றபடி வழக்கமான ரத்தப் பரிசோதனைகள், ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மருந்துகளை மருத்துவரின் சொற்படி நிறுத்துவது, எடை ஆறு மாதமாவது ஒரே அளவில் நிலைத்திருப்பது ஆகியவைதாம்.

அறுவை நாளன்று என்னை நிற்கவைத்தே பேனாவால் கோடுகள் வரைந்தார்கள். வழக்கமாக அணியும் உள்ளாடையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதன் விளிம்புக்குக் கீழே தழும்பு அமையும்படி கோடு வரையப்பட்டது. சிறிய விஷயம், ஆனால் நன்றிக்குரியது. கால்களில் இறுக்கமான காலுறைகளை அணிவித்து, மேலே காற்றடித்துத் தளரும் உறைகளையும் மாட்டினார்கள். அழகியல் அறுவைகளில் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் அபாயம் கூடுதலாக உள்ளவற்றுள் இதுவும் ஒன்று என்பதால் அந்த ஏற்பாடு. முழு மயக்கத்தில் மூன்றரை மணி நேரம் அறுவை நடந்தது. தோலைப் பிரித்து உயர்த்தி, விலகிய தசைகளை நடுக்கோட்டில் மார்புக்குழி முதல் அடிவயிறுவரை நிரந்தரத் தையலால் இணைத்து, உபரித் தோலை வெட்டி நீக்கி, தொப்புளை அதன் காம்போடு அப்படியே வைத்து, கீழே இழுத்த தோலில் புதிய துளையிட்டு அதன் வழியாக வெளியே கொண்டுவந்து தைக்கிறார்கள். தொப்புள் இடம் மாறுவதில்லை, அதைச் சுற்றியுள்ள தோல்தான் மாறுகிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. என் பழைய சிசேரியன் தழும்பு நீக்கப்பட்ட தோலோடு போய்விட்டது.

கண் விழித்தபோது நான் எதிர்பார்த்த கூர்மையான வலி இல்லை. யாரோ அகலமான வாரால் வயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு அவிழ்க்க மறந்துவிட்டதைப் போன்ற இறுக்கம் இருந்தது. முதுகுப் பக்கம் உயர்த்தி, முழங்கால்களுக்கு அடியில் தலையணைகள் வைத்து, இடுப்பு மடிந்த நிலையில் படுக்கவைத்திருந்தார்கள். நேராக நீட்டிப் படுத்தால் தையல் இழுபடும் என்பதால் அடுத்த இரண்டு வாரங்களும் அதே நிலைதான். அன்று மாலையே செவிலியர்கள் இருவர் தாங்கிப் பிடித்து என்னை எழுப்பிச் சில அடிகள் நடக்கவைத்தார்கள். அப்போது அது கடினமான வேலையாகத் தோன்றியது; ரத்த உறைவைத் தவிர்ப்பதற்கு அந்தச் சில அடிகளைவிட முக்கியமானது வேறில்லை என்று பிறகு விளக்கினார்கள். வயிற்றில் தினமும் போட்ட ஊசியும் அதற்காகவே. இரண்டு இரவுகள் அங்கே இருந்தேன். செவிலியர் பணி குறைசொல்ல இடமில்லாதது. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும், எழும்போது முதலில் ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும் என்று ஒரு மூத்த செவிலியர் என்னைப் பலமுறை செய்யவைத்துப் பழக்கினார். வீட்டில் ஒவ்வொரு நாளும் அவரை நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரம்தான் கடினம். வெட்டிய தோல் வலிப்பதில்லை, அது மரத்துக் கிடக்கிறது. இணைத்துத் தைத்த தசைதான் வலிக்கிறது. சிரித்தாலும் தும்மினாலும் குரலை உயர்த்தினாலும் அது தன் இருப்பைக் காட்டும். இடுப்பை மடித்துக் குனிந்தே நடக்க வேண்டியிருந்ததால் நான்காம் நாளிலிருந்து முதுகுவலி வயிற்றுவலியை மிஞ்சிவிட்டது. வலிநிவாரணிகளில் ஓபியாய்டு எனப்படும் அபின் வகை மருந்துகளும் மயக்க மருந்தின் எச்சமும் சேர்ந்து கடும் மலச்சிக்கலைத் தரும். முக்குவதற்கும் முடியாத நிலையில் அது எவ்வளவு துன்பம் என்று சொல்ல வேண்டியதில்லை. மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே தொடங்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அதை மூன்றாம் நாள் நானாகக் கேட்ட பிறகுதான் எழுதிக் கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலையில் காரணமே தெரியாமல் அழுதேன். கண்ணாடியில் தெரிந்த உடல் வீங்கி, கன்றிப்போய், குழாய்கள் தொங்க, இரண்டாக மடிந்து நின்றது. நன்றாக இருந்த உடலைக் கெடுத்துக்கொண்டேனோ, குழந்தைகளைத் தூக்கக்கூட முடியாதபடி எதற்காக இதைச் செய்துகொண்டேன் என்ற எண்ணம் மூன்று நாட்கள் என்னை விட்டுப் போகவில்லை. மயக்க மருந்து, தூக்கமின்மை, வலி மாத்திரைகள், பிறரைச் சார்ந்திருக்கும் நிலை எல்லாம் சேர்ந்து பலருக்கும் இப்படி நேர்வதுண்டு என்று மறுபரிசோதனையில் மருத்துவர் சொன்னார். அதை அவர் அறுவைக்கு முன்பே ஒரே ஒரு வாக்கியமாகச் சொல்லியிருந்தால் அந்த மூன்று நாட்களும் எனக்கு வேறு மாதிரிக் கழிந்திருக்கும். இதைப் படிப்பவர்களில் யாரேனும் இப்போது அந்த ஐந்தாம் நாளில் இருந்தால், அது கடந்துவிடும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். வாரக்கணக்கில் நீடித்தால் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வடிகுழாய்களைப் பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள். தையலுக்குக் கீழே இரு சிறு துளைகள் வழியாக வெளிவரும் மெல்லிய குழாய்கள், நுனியில் அமுக்கி வைத்தால் உறிஞ்சும் குமிழ்கள். காலையும் மாலையும் அவற்றைக் காலிசெய்து, வந்த நீரின் அளவை மில்லிலிட்டரில் எழுதிவைக்க வேண்டும். ஒரு நாள் முழுதும் சேர்ந்து 30 மில்லிலிட்டருக்குக் கீழே வந்ததும் எடுத்துவிடுவார்கள். எனக்கு ஒன்று ஒன்பதாம் நாளும் மற்றது பன்னிரண்டாம் நாளும் எடுக்கப்பட்டன. எடுக்கும்போது இருந்தது வலி அல்ல, உள்ளே ஏதோ நழுவிச் செல்லும் விநோத உணர்வு, சில நொடிகள்தான். தோலைத் தசையோடு உட்புறமாகப் பல இடங்களில் தைத்துவிட்டுக் குழாயே வைக்காத மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

இங்கேதான் என் முதல் பெரிய குறை வருகிறது. மூன்றாம் வாரத்தில், குழாய்கள் எடுக்கப்பட்ட பிறகு, அடிவயிற்றின் வலப்பக்கம் மெல்லப் பருத்தது. தட்டினால் நீர் நிரம்பிய பையைப்போல அலையடித்தது. தோலுக்கும் தசைக்கும் இடையே நீர் கோத்துக்கொள்ளும் சீரோமா என்ற நிலை அது, இந்த அறுவைக்குப் பின் மிகவும் பரவலாக வரும் சிக்கல். ஆபத்தானதில்லை என்றாலும் விட்டுவைத்தால் தொற்று ஏற்படலாம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வெள்ளிக்கிழமை மாலை மருத்துவமனை கொடுத்திருந்த எண்ணை அழைத்தேன். வரவேற்பறையில் இருந்தவர் திங்கட்கிழமை வரச் சொன்னார். காய்ச்சல் இருக்கிறதா, மூச்சுத் திணறுகிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளைக்கூட அவர் கேட்கவில்லை. இரண்டு இரவுகள் உறங்காமல் கிடந்தேன். திங்களன்று மருத்துவர் ஊசியால் 80 மில்லிலிட்டர் நீரை இழுத்தெடுத்தார், அடுத்த வாரம் மீண்டும் சிறிதளவு எடுத்தார், அத்தோடு நின்றுவிட்டது. தோல் மரத்திருந்ததால் ஊசி குத்தியதே தெரியவில்லை. சிகிச்சை எளிதாக முடிந்தது. ஆனால் பெரிய அறுவை செய்து அனுப்பும் எந்த இடமும் வார இறுதியில் மருத்துவ அறிவுள்ள ஒருவரைத் தொலைபேசியில் வைத்திருக்க வேண்டும். இதை நான் எழுத்தில் அவர்களிடம் கொடுத்தேன். நீங்கள் இடம் தேர்ந்தெடுக்கும்போது, சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு நான் அழைத்தால் எடுப்பது யார் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

எனக்குக் கொடுத்தனுப்பிய வீடு திரும்பும் குறிப்பும் போதவில்லை. மாத்திரைகளின் பெயர்களும் அடுத்த சந்திப்பின் தேதியும் மட்டும் அதில் இருந்தன. அதில் இருந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதிவிடுகிறேன். ஒரு காலின் ஆடுதசையில் மட்டும் வலியோ வீக்கமோ, திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும், மறுநாள் காலைவரைகூடக் காத்திருக்கக் கூடாது. 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், தையலிலிருந்து துர்நாற்றத்தோடு வடியும் நீர், ஒரு பக்கம் மட்டும் சட்டென்று பருத்து இறுகுவது, தையலோரத் தோல் கறுப்பது ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவரை அடைய வேண்டும். மரத்த வயிற்றின்மீது சூட்டுப் பையையோ பனிக்கட்டியையோ வைக்கக் கூடாது. சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

வீக்கத்தைக் கட்டுப்படுத்த வயிற்றைச் சுற்றி அணியும் இறுக்க உடை ஆறு வாரம் இரவும் பகலும் அணிய வேண்டியது. அவர்கள் கொடுத்தது ஒன்றே ஒன்று. துவைத்துக் காயும்வரை என்ன செய்வது என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. முதலிலேயே இரண்டு வாங்கிவிடுங்கள், சுருக்கம் விழாத மெல்லிய பருத்தி உள்ளாடையை அடியில் அணியுங்கள். என் அனுபவத்தில் அந்த உடை முதலில் தொல்லையாகவும், மூன்றாம் வாரத்துக்குப் பிறகு கழற்றவே மனம் வராத துணையாகவும் ஆகிவிட்டது.

ஆறு வாரங்களுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. சிறு குழந்தைகள் உள்ளவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். குழந்தையைக் கட்டிலிலிருந்து தூக்குவது, குளிக்கவைப்பது, அழும்போது இடுப்பில் ஏற்றிக்கொள்வது எல்லாம் அதில் அடங்கும். உள்ளே தைத்த தையல் அறுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் அறுவையின் பாதிப் பயன் போய்விடும். அந்த ஆறு வாரமும் என் கணவரும் என் அக்காவும் முறைவைத்து வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். நான் தரையில் உட்காராமல் நாற்காலியில் அமர்ந்து, குழந்தைகள் தாமாக ஏறி என் பக்கத்தில் அமரும்படி ஒரு சாய்விருக்கையைப் போட்டுக்கொண்டேன். இப்படிப்பட்ட உதவி உறுதியாகாதவரை தேதி குறிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். மேசை வேலைக்கு மூன்றாம் வார இறுதியில் திரும்பினேன். வலி மாத்திரைகளை முழுமையாக நிறுத்தி, அவசரமாக பிரேக் மிதிக்க முடியும் என்ற நம்பிக்கை வந்த பிறகே வண்டி ஓட்டினேன். நடை முதல் நாளிலிருந்தே உண்டு. மற்ற பயிற்சிகள் ஆறு வாரத்துக்குப் பின், வயிற்றுத் தசைப் பயிற்சி மூன்று மாதத்துக்குப் பின்.

வீக்கம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதைப் படித்திருந்தும் நான் நம்பவில்லை. காலையில் தட்டையாக இருக்கும் வயிறு மாலையில் உடை இறுகும் அளவுக்குப் பருத்துவிடும். நின்றபடி வேலை செய்த நாட்களில் இன்னும் கூடுதலாக. இது நான்காம் மாதம்வரை தெளிவாகவும், எட்டாம் மாதம்வரை அவ்வப்போதும் இருந்தது. நிணநீர்ப் பாதைகள் வெட்டப்பட்டு மீண்டும் உருவாகும்வரை இப்படித்தான். இந்தக் காலத்தில் எடுக்கும் படங்களை வைத்துப் பலனை எடைபோடாதீர்கள்.

தழும்பு முதல் மூன்று மாதங்களில் மெல்லியதாக இருந்து நம்பிக்கை தந்தது, பின்பு ஆறாம் மாதம்வரை சிவந்து தடித்தது, அதன் பிறகே மெல்ல வெளிறத் தொடங்கியது. முன்னேறியது பின்னடைகிறதே என்று பதறினேன். தழும்புகள் முதிரும் இயல்பான வழியே அதுதானாம், முழுமையாக அடங்கப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் ஆகும். காயம் முழுதும் மூடிய பிறகு சிலிக்கோன் பட்டையைத் தொடர்ந்து அணிந்தேன், வெயில் படாமல் காத்தேன். வலது ஓரத்தில் தழும்பு முடியும் இடத்தில் தோல் சிறு கூம்பாகக் குவிந்து நிற்கிறது. அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் சிறிய திருத்தத்தால் அதைச் சரிசெய்துவிடலாம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, முதலில் சொன்ன தொகையும் இறுதித் தொகையும் ஒன்றாக இருந்தன, ஏனெனில் நான் பிரித்து எழுதித் தரும்படி கேட்டிருந்தேன்: சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கு, அறை, உடை, மருந்துகள், பின்தொடர் சந்திப்புகள் தனித்தனியாக. ஓராண்டுக்குள் திருத்தம் தேவைப்பட்டால் அதற்குக் கட்டணம் உண்டா, சிக்கல் வந்து மீண்டும் சேர்க்க நேர்ந்தால் யார் ஏற்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். சீரோமாவுக்காகச் சென்ற இரண்டு முறையும் எதுவும் வாங்கவில்லை.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்று தோழிகள் கேட்கிறார்கள். எடை நிலைத்து, பிள்ளைப்பேறு முடிந்து, தசைவிலகலாலோ தொங்கும் தோலாலோ அன்றாடம் அவதிப்பட்டு, பயிற்சியை நேர்மையாக முயன்று பார்த்துவிட்டவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எடையைக் குறைக்கும் வழியில் இன்னும் இருப்பவர்கள் அதை முடித்துவிட்டு வரட்டும். எடைகுறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு கழித்து எடை நிலைத்த பின்பே இதைச் செய்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சிக்குள் வயிறு தட்டையாக வேண்டும் என்று வருபவர்களுக்கும், இன்னொருவரின் சொல்லுக்காக வருபவர்களுக்கும் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

சென்ற மாதப் பரிசோதனையில் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்தார்கள். ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி மூடியிருக்கிறது. மடிப்புப் புண் அறுவைக்குப் பின் ஒருமுறைகூட வரவில்லை. தழும்புக்கு மேலே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் உணர்வில்லை. அது திரும்பாமலே போகலாம் என்று மருத்துவர் சொன்னார், எனக்கு அது பழகிவிட்டது. வலது ஓரக் கூம்பைத் திருத்த அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறேன். அதே மருத்துவர், அதே மருத்துவமனை. வார இறுதி அழைப்புகளுக்கு இப்போது ஒரு செவிலியரை அமர்த்தியிருக்கிறார்களாம். நாள் குறிப்பதற்கு முன் அந்த எண்ணை ஒரு சனிக்கிழமை இரவில் அழைத்துப் பார்த்தேன், இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.